நான் திருத்திய கம்பிச்சுருள்

என் மகள் வரைந்து கொடுத்த படத்தை நான் திருத்தினேன். அதுதான் நான் செய்த தவறு. வேண்டுமென்று செய்ததல்ல. இருபது வருடமாகக் கை பழகியிருந்த ஒழுங்கு அப்படிச் செய்ய வைத்தது.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் நான் ஃபிட்டருக்கு அடுத்த ஆள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைகளுக்கு ஸ்பிரிங் சுற்றுவது என் வேலைகளில் ஒன்று. அந்தச் சல்லடைகள் நான்கு மூலையிலும் ஸ்பிரிங் மேல் நின்று ஆடும். ஒரு ஸ்பிரிங்கில் வளையத்துக்கு வளையம் இடைவெளி மாறினால்கூட சல்லடை சாய்ந்து, தூளெல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்றைச் சுற்றிவிட்டு, எல்லோர் முன்னாலும் ஃபிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு நான் சுற்றிய எந்த ஸ்பிரிங்கிலும் இடைவெளி மாறியதில்லை. பேசத் தெரியாத எனக்குப் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மனைவி இறந்தபோது மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். நான்கு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் குடியிருந்த லயத்தில் யாராவது வம்புக்கு இழுத்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மனைவி இருந்தவரை எனக்கும் சேர்த்து அவள் பேசினாள். அவளுக்குப் பிறகு மகள் பேசினாள். பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல், அன்றைக்குப் படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்குவாள். நான் அடுப்புக்கு முன்னால் நின்று கேட்பேன். தமிழ்ப் பள்ளியில் அவள் படித்தவரை எனக்குப் புரிந்தது. டவுனில் இடைநிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடமோ மூன்று வருடமோ கழித்து, ஒரு நாள் புரியாமல் போயிற்று. அவள் "வெளங்குதாப்பா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு ஆரம்பித்த தலையாட்டல் நிற்கவில்லை. எனக்கு ஒரு பயம் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று தெரிந்தால் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள். அவள் நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. அதனால் அவள் எங்கே குரலை நிறுத்துகிறாளோ அங்கே தலையாட்டுவேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்க அவள் ஈப்போவுக்குப் போய் விடுதியில் தங்கினாள். அது எழுபதுகளின் கடைசி. முதலில் மாதத்துக்கு ஒரு முறை வந்தாள். பிறகு தவணை விடுமுறைக்கு மட்டும் வந்தாள். ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடுவதற்கு என் கை பழகப் பல வாரம் ஆயிற்று. மழை பெய்யும்போது தகரக் கூரைச் சத்தத்தில் வானொலியும் கேட்காது. அப்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

ஒரு விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் என்னிடம் முதல் முறையாக ஒன்று கேட்டாள். ஈப்போவில் பள்ளிகளுக்கு நடுவே அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் அவள் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். அதற்குக் கம்பியில் ஒரு சுருள் வேண்டும். நோட்டுத் தாளில் பென்சிலால் படம் போட்டாள். ஒரு நேர்க்கோடு. அதைச் சுற்றிச் சுற்றி ஐந்து வளையம்.

"சார்ஜ் இருக்கிற ஒரு சின்ன தூசின்னு வெச்சுக்குங்கப்பா. காந்தம் அதை வட்டமா சுத்த வைக்கும். கரண்டு அதை முன்னால இழுக்கும். ரெண்டும் ஒரே பக்கம் பார்த்து நிக்குது. அப்ப அந்தத் தூசி போற வழி இப்படித்தான் இருக்கும்."

அதற்கு மேல் சொன்னது பாதி ஆங்கிலம், பாதி மலாய். அந்தச் சொற்களுக்குத் தமிழ் அவளுக்கும் தெரியாது. நான் ஃபேக்டரியில் பறக்கும் தேயிலைத் தூசியை நினைத்துக்கொண்டேன். அது எங்கேயும் இப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை.

"வெளங்குதாப்பா?"

"ம்" என்றேன்.

அவள் பஸ் ஏறிய பிறகு படத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வளையமும் நெருங்கி இருந்தன. போகப் போக இடைவெளி அகன்று, கடைசி வளையம் தாளின் ஓரத்தில் போய் நின்றது. பிள்ளை அவசரத்தில் போட்டிருக்கிறாள், கை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரு சுருள். சுருளை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாதா என்ன? வேலை முடிந்து ஃபிட்டரிடம் கேட்டுக்கொண்டு, லேத்தில் பித்தளைக் கம்பியைச் சுற்றினேன். லேத்தில் தண்டு சுற்றச் சுற்ற, கம்பியைக் கொடுக்கும் பாகம் தானே ஒரே அளவாக நகரும். ஐந்து வளையமும் அச்சில் வார்த்தது போல வந்தன. மெருகேற்றியதும் தங்கம் மாதிரி மின்னியது. ஃபிட்டர் எதையும் லேசில் பாராட்டாதவர். கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துவிட்டு, துரை பார்த்தால் மேசைமேல் வைத்துக்கொள்வார் என்றார்.

திரிங்காப்பிலிருந்து ஈப்போ பசாருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரி டிரைவர் ஒருவர் எங்கள் லயத்துக்காரர். அவரிடம் கொடுத்து, விடுதி வாசலில் சேர்த்துவிடச் சொன்னேன். பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, மகளுக்குக் கட்டில் செஞ்சு அனுப்புறீங்களா? ஸ்பிரிங்கு மட்டும் முன்னால போகுது, மெத்தை அடுத்த லோரியிலயா?"

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

புதன்கிழமை காலை தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆளனுப்பினார். ஆபீஸ் டெலிபோனில் மகள். அதுவரை அந்த டெலிபோனை நான் ஒரே முறைதான் காதில் வைத்திருக்கிறேன், மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது. கிராணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சுருள் ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "ஆனா எடவெளி எல்லாம் ஒண்ணாட்டம் இருக்கே. நான் போட்ட படத்துல அகலமாகிக்கிட்டே போகும்ல?"

"நீ அவசரத்துல போட்டுட்டேன்னு நெனச்சு, நான் சரி பண்ணிட்டேன்."

டெலிபோன் கம்பிக்குள் காற்றடிப்பது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமேப்பா. வெளங்குதான்னு நான் கேட்டேனே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருடமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்று திடீரென்று யோசிப்பவளின் குரல் அது. நான் பயந்துகொண்டிருந்தது கிராணி முன்னால் நடந்துவிட்டது.

அவளே சமாளித்துக்கொண்டு சொன்னாள். அதைக் கையால் இழுத்துப் பார்த்தாளாம். இழுத்தால் இடைவெளி அகல்கிறது, ஆனால் வட்டம் சுருங்கிவிடுகிறது. வட்டம் மட்டும் சுருங்கவும் கூடாது, பெரிதாகவும் கூடாது. பரவாயில்லை, தாளில் வரைந்தே காட்டிவிடுகிறேன் என்றாள். கண்காட்சி சனிக்கிழமை.

"எடவெளி எவ்வளவுன்னு சொல்லு" என்றேன். "நான் கொண்டாறேன்."

"நீங்களா?"

அவள் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. மலையடிவாரத்துத் தாப்பாவைத் தாண்டி நான் போனது ஒரே முறை, மனைவியோடு, அவளை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்க்க. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மகளை விடுதியில் சேர்த்தபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் துணைக்கு அனுப்பினேன்.

அவள் சொன்னாள்: முதல் சுற்றில் ஒரு பங்கு முன்னால் போனால், இரண்டாம் சுற்றில் மூன்று பங்கு, அப்புறம் ஐந்து, ஏழு, ஒன்பது. கிராணியின் பென்சிலை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இந்த முறை தலையாட்டவில்லை. டெலிபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

கால் அங்குலத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் அந்த அளவுகளுக்கு ஐந்து துண்டு வெட்டினேன். லேத் இதற்கு உதவாது. வைஸில் ஒரு குழாயைப் பிடித்து, கம்பியின் முனையைக் கட்டி, கையால் சுற்றினேன். முதலில் சுற்றியதைக் குழாயிலிருந்து கழற்றியதும் வளையங்கள் துள்ளி, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாக விரிந்தன. ஸ்பிரிங்குக்குத் துள்ளல் வேண்டும், இதற்குக் கூடாது. கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, அதன் துள்ளலை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். முதல் பலகை, ஒரு சுற்று. இரண்டாம் பலகை, ஒரு சுற்று. என் கை குழாயைச் சுற்றி வர ஒவ்வொரு முறையும் அதே நேரம்தான் ஆயிற்று. ஆனால் கம்பி மட்டும் முன்னைவிட அதிக தூரம் ஓடிவிட்டிருந்தது. அவள் அன்றைக்குச் சொன்னது இதுதானோ என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

ஃபிட்டர் வந்து பார்த்தார்.

"என்னய்யா இது, சம்பளத்தன்னிக்குக் கள்ளுக் குடிச்சவன் சுத்துன மாதிரி?"

"இப்படித்தான் வேணுமாம்."

"யாருக்கு?"

"மகளுக்கு" என்றேன். அவர் அந்தப் பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வரிசை மாறாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, தானா ராத்தாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சுருளை ஒரு தூள் பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து வைத்திருந்தேன். ரிங்லெட்டைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பெட்டியை இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், உள்ளே என்ன கோழியா என்று கேட்டார். கம்பி என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாப்பாவில் பஸ் மாறி ஈப்போவில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. மலைக்குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வழி கேட்கக் கூச்சப்பட்டு, பஸ் நிலையத்தை இரண்டு முறை சுற்றி வந்தேன்.

பள்ளி மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு ஒரு ஆசிரியை உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்வந்த பெற்றோர் எல்லோரும் நன்றாக உடுத்தியிருந்தார்கள். நான் பெட்டியை மேசைமேல் வைத்து, மகளின் பெயரையும் வகுப்பையும் மட்டும் சொன்னேன். ஆசிரியை என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கடையிலேருந்தா வர்றீங்க?"

நான் தலையாட்டினேன்.

"நல்ல வேளை வந்தீங்க. அந்தப் பிள்ளை காலையிலேருந்து வாசலையேதான் பார்த்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவரே பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான்தான் அந்தப் பிள்ளையின் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த இடத்தில் நான் நின்ற நேரம், அதை நூறு முறை சொல்லப் போதும். பிறகு நகர்ந்து, மண்டபத்தின் பக்கவாட்டில் கண்ணாடிப் பட்டை வைத்த சன்னல் ஒன்றின் ஓரத்தில் போய் நின்றேன்.

அவள் தெரிந்தாள். பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, சுருளை எடுத்தாள். ஒரு விரலால் இடைவெளிகளை முதலிலிருந்து கடைசிவரை தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். நான் சன்னலில் நிற்கிறேன், அவள் வாசலைப் பார்க்கிறாள். கையை உயர்த்தியிருக்கலாம். மூன்று பேர், மார்பில் பூப் போல ரிப்பன் குத்தியவர்கள், அவள் மேசைக்கு வந்தார்கள். அவள் விளக்க ஆரம்பித்தாள். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவள் விரல் நெருக்கமான வளையத்தில் தொடங்கி, கம்பியோடு சுற்றிச் சுற்றி முன்னால் போயிற்று. அவள் பேச்சில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று விரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஒருவர் சுருளைத் தூக்கிப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் மலாயில் "என் அப்பா" என்று சொன்னது காதில் விழுந்தது. அவர்கள் மூன்று பேரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

நான் சன்னலைவிட்டு விலகிவிட்டேன். மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்கு நேரம் நிறைய இருந்தது. தாப்பாவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறும்போது அதே வளைவுகள். மடியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தவள் முதல் நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் பரிசு கிடைத்ததாம்; முதல் பரிசு புகைவிடும் எரிமலை செய்த பள்ளிக்குப் போயிற்றாம். அதைச் சொன்னதோடு சரி. நான் பயந்தது போலவே ஆயிற்று என்று நினைத்தேன். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"கடைக்காரர்னு சொன்னீங்களா?"

"அவங்க கேட்டாங்க. நான் தலையாட்டிட்டேன்."

"பொட்டியில இருந்த வைக்கோல்ல தேயிலை வாசம் வந்துச்சு. உடனே தெரிஞ்சுது. சொல்லி முடிச்சதும் கேட் வரைக்கும் ஓடி வந்தேன்."

அவள் கை கழுவிவிட்டு, பையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். நான் முதலில் செய்த, இடைவெளி மாறாத சுருள். கையால் இழுத்ததை மறுபடி நேராக்கப் பார்த்திருக்கிறாள். ஒரு வளையம் மட்டும் லேசாக நசுங்கியிருந்தது.

"இதுவும் தப்பில்லப்பா. இதுல கரண்டு இல்ல, காந்தம் மட்டுந்தான். ஏற்கெனவே எந்த வேகத்துல முன்னால போச்சோ அதே வேகத்துல போய்க்கிட்டே இருக்கும். கரண்டு வந்தாத்தான் எடவெளி அகலும்" என்றாள். பழக்கத்தில் "வெளங்குதா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பாதிச் சொல் என்னைத் தைத்தது. பலகைத் துண்டுகளை வெட்டிய நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி கிடந்தது. சுற்றும்போதே வந்த கேள்வி. கேட்டால் நான் எவ்வளவு தெரியாதவன் என்பது தெரிந்துவிடும். அதுதான் ஏற்கெனவே தெரிந்துவிட்டதே.

"வெளங்கல" என்றேன். "இழுக்க இழுக்க வேகம் கூடுதுன்னு சொல்ற. வேகம் கூடுச்சுன்னா வட்டமும் பெருசாகணும்ல? அது ஏன் அப்படியே இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை எங்க கிளாஸ்லயே ரெண்டு பேருதான்ப்பா கேட்டாங்க" என்றாள். கூடுவது முன்னால் போகும் வேகம் மட்டும். சுற்றுகிற வேகம் கூடுவதில்லை. காந்தம் சுற்றுகிற வேகத்தைத்தான் பார்க்கும், முன்னால் போவதை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது என்று சொன்னாள். நான் மறுபடியும் வெளங்கல என்றேன். வேறு மாதிரி சொன்னாள். எங்கள் ஃபேக்டரியில் கம்பளியில் உரசும் உருளை தூளிலிருந்து நாரை இழுத்து எடுப்பதையும், தூள் விழும் வழியில் இரும்புத் துகளுக்காக வைத்திருக்கும் காந்தத்தையும் நான் சொன்னேன். உருளை இழுப்பது சார்ஜினால்தான் என்றாள். காந்தம் இரும்பைப் பிடிப்பது வேறு சங்கதி என்று அதை ஒதுக்கி வைத்தாள். சாப்பிட்ட தட்டுகள் காயும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னதில் நான் வாய் திறந்து குறுக்கே பேசியது அன்றைக்குத்தான் முதல் முறை.

அதன் பிறகு அவள் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். இப்போது கடல் தாண்டிச் சரவாக்கில் ஒரு பள்ளியில் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். மாதம் ஒரு முறை வந்தவள் தவணைக்கு ஒரு முறை என்றாகி, இப்போது வருடக் கடைசியில் வருகிறாள். போன வருடக் கடைசியில் வர முடியவில்லை. அந்தப் பலகைத் துண்டுகளை நான் எறியவில்லை. சிறியது சன்னல் ஆடாமல் இருக்க அடைக்க உதவுகிறது, பெரியது கதவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரிங்லெட்டில் ஒரு மளிகைக் கடையின் டெலிபோனுக்கு அவள் கூப்பிடுவாள். நான் ஒன்பதரைக்கே போய் அரிசி மூட்டைப் பக்கத்தில் நிற்பேன். சாப்பாடு, மழை, உடம்பு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, அந்த வாரம் வகுப்பில் என்ன நடத்தினாய் என்று கேட்பேன். அவள் சொல்வாள்.

"வெளங்கல, திருப்பிச் சொல்லு" என்பேன்.

கடைக்காரர் சிரிப்பார். பிள்ளைக்கு டீச்சர் வேலை ஞாயிற்றுக்கிழமையும் ஓயவில்லை என்பார். சில வாரம் எனக்கு முதல் தடவையே விளங்கிவிடுகிறது. அப்போதும் அப்படித்தான் சொல்கிறேன்.